கோட்பாட்டில் இல்லாத சாதி: இறையியல் வகுப்பறையிலிருந்து நீதிமன்றம் வரை

'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்னும் வாக்கியம் இரண்டு இடங்களில் தவறாமல் ஒலிக்கிறது. ஒன்று, அருட்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் பயிலும் இறையியல் வகுப்பறை. மற்றொன்று, தலித் கிறித்தவர்களின் உரிமை வழக்குகள் விசாரிக்கப்படும் நீதிமன்றம். வகுப்பறையில் அது கட்டளை: சாதி பார்ப்பது நம்பிக்கைக்கு எதிரானது, ஆகவே பார்க்காதே என்பது அதன் பொருள். நீதிமன்றத்தில் அதே வாக்கியம் சான்றாக உருமாறுகிறது: சாதி இல்லாத மதத்துக்குச் சென்றுவிட்ட உனக்குச் சாதியின் பெயரால் பாதுகாப்பு எதற்கு என்று அது கேட்கிறது.

2025ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை வெளிப்படையாகக் காட்டியது. சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாக ஒரு போதகர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் அளித்திருந்தார். பத்தாண்டுகளாகப் போதகராக ஊழியம் செய்பவர் கிறித்தவர், கிறித்தவத்துக்குச் சாதி அமைப்பு அந்நியமானது, எனவே அச்சட்டத்தின் பாதுகாப்பை அவர் கோர முடியாது என்று கூறி நீதிமன்றம் வழக்கை நீக்கியது. அவரை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அவருடைய சாதி நினைவிலிருந்தது. சட்டத்துக்கு அவருடைய மதம் மட்டுமே தெரிந்தது.

ஆகவே, அருட்பணிக்காகக் கோட்பாடுகளைக் கற்பது திருச்சபையின் உள்விவகாரம் மட்டுமன்று. அந்தக் கோட்பாடுகள் யாவை, அவற்றைத் தலித் இறையியலாளர்கள் எவ்வாறு மறுவாசிப்புச் செய்தனர், சட்டம் அவற்றை எவ்வாறு கையாளுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். நாம் இறையியல் பயின்றவர்கள் அல்லர். ஆனால், நமது வழக்குக் கட்டுகளில் இறையியல் நுழைந்து வெகுகாலமாகிவிட்டது.

பாடத்திட்டத்தின் வரிசை

இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபைகளின் இறையியல் கல்லூரிகள் பலவும் செராம்பூர் பேரவையுடன் இணைந்தவை. 1818இல் தொடங்கப்பட்ட செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னரின் அரச சாசனம் பட்டமளிக்கும் அதிகாரத்தை வழங்கியது. 1918இல் வங்காளச் சட்டம் ஒன்று அதனை ஒழுங்குபடுத்தியது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி ஆகியன நாம் அறிந்தவை. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிக் குருமடங்கள் உள்ளன.

எங்கு பயின்றாலும் முறைசார் இறையியலின் வரிசை ஏறத்தாழ ஒன்றே: கடவுள், படைப்பு, மனிதர், பாவம், கிறிஸ்து, மீட்பு, தூய ஆவி, திருச்சபை, திருவருட்சாதனங்கள், இறுதிக் காரியங்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சர்ச்சைக்கு விடையாக உருவானவை. இறைமகன் தந்தையினும் தாழ்ந்தவர் என்ற ஆரியுஸின் கருத்தை மறுத்து, இருவரும் ஒரே தன்மையினர் என்று 325இல் நிசேயாப் பேரவை முடிவு செய்தது. இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451இல் கல்கெதோன் பேரவை வரையறுத்தது. உரோமைப் பேரரசின் நகரங்களும், பின்னர் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களும் எழுப்பிய வினாக்களே பாடத்தின் அடித்தளம். ஒரு சேரியிலிருந்து எழக்கூடிய வினாவுக்கு அந்த வரிசையில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை.

1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய 'சூத்திர இறையியலை நோக்கி' என்ற உரை அந்த நிலையை உடைத்தது. அதுவரை 'இந்திய இறையியல்' என்று போற்றப்பட்டது பெரிதும் உயர்சாதியிலிருந்து வந்த கிறித்தவர்களின் சிந்தனை. வேதாந்தத்தோடு கிறிஸ்துவை உரையாடச் செய்வதே அதன் முதன்மை அக்கறை. இந்தியத் திருச்சபையின் பெரும்பான்மையோரோ தலித் மக்கள். அவர்களுடைய வரலாற்று அனுபவம் இறையியலின் மூலப்பொருளாகாதது ஏன் என்ற வினாவிலிருந்தே தலித் இறையியல் பிறந்தது. பின்னர் குருகுல் கல்லூரியில் அதற்கெனத் தனித்துறை அமைந்தபோது நிர்மல் அதன் தலைவரானார்.

படைப்பும் பாவமும்

மனிதர் அனைவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் என்பது படைப்புக் கோட்பாட்டின் மையம். வருணப் பாகுபாட்டுக்குப் பிறப்பையே மூலமாகக் காட்டும் சமூகத்தில், பிறப்பே மாண்புக்கு மூலம் என்று கூறும் கோட்பாடு இது. ஒடுக்கப்பட்ட மக்கள் கிறித்தவத்தை நாடியமைக்கு உணவும் கல்வியும் மட்டுமே காரணங்கள் என்று சொல்வோர் இந்தக் கவர்ச்சியைக் காணத் தவறுகின்றனர்.

பாவக் கோட்பாடோ சிக்கலானது. மனிதரின் வீழ்ச்சிக்கு ஆதிப்பாவமே காரணம், மனந்திரும்புதலே வழி என்று அது மரபாகக் கற்பிக்கப்படுகிறது. அம்பேத்கர் இதில் கை வைத்தார். மதம் மாறியோரின் நிலை குறித்த தம் கட்டுரையில், கிறித்தவராகும் முன் தீண்டப்படாதவர் தம் இழிநிலைக்குச் சமூக அமைப்பே காரணம் என்று உணர்ந்திருந்தார் எனவும், மாறிய பின்னரோ தம் பாவமே காரணம் என்று நம்பக் கற்பிக்கப்பட்டார் எனவும் அவர் சுட்டிக்காட்டினார். போராடும் ஆற்றலை அந்தப் போதனை மழுங்கடிக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

அருட்பணி மாணவர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய விமர்சனம் இது. பாவம் தனிமனித ஒழுக்கக்கேடு மட்டுமன்று, அநீதியான அமைப்புகளிலும் அது குடிகொண்டிருக்கிறது என்ற புரிதலை இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியல் வலியுறுத்தியது. தலித் இறையியல் அதைச் சாதிக்குப் பொருத்தியது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே வரிசையில் மண்டியிடச் செய்து இருவரும் பாவிகள் என்று சொல்லும் மறையுரை, குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் வேறுபாடு காணாத தீர்ப்பை ஒத்தது.

கிறிஸ்துவும் மீட்பும்

கல்கெதோன் கூறிய 'முழு மனிதர்' எத்தகைய மனிதர்? வரலாற்றில் பிறப்பவர் எவரும் ஓரிடத்தில், ஒரு நிலையில்தான் பிறக்கிறார். இயேசு தொழுவத்தில் பிறந்தார், கைத்தொழிலாளியாக வாழ்ந்தார், ஒதுக்கப்பட்டோருடன் உண்டார், நகர வாயிலுக்கு வெளியே கொல்லப்பட்டார். இந்த அடையாளங்களை முன்வைத்தே நிர்மல் இயேசுவைத் தலித் என்று அழைத்தார். சத்தியநாதன் கிளார்க் ஒரு படி மேலே சென்று, இழிவின் அடையாளமாக்கப்பட்ட பறையைக் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ளும் குறியீடாக்கினார்.

இதற்குள்ளும் விவாதம் உண்டு. துன்புறும் கிறிஸ்துவோடு துன்புறும் தலித்தை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது துன்பத்தைப் புனிதப்படுத்திவிடாதா? 2010இல் வெளிவந்த தம் நூலில் பெனியேல் ராஜ்குமார் இத்தகைய வினாக்களை எழுப்பி, இயேசுவின் குணமளிக்கும் செயல்களை விடுதலைக்கான மாதிரிகளாக வாசித்தார். தொழுநோயாளியைத் தொட்ட கை, தீட்டு விதியை மீறிய கை. தொடக்கூடாது என்ற விதி உயிரோடிருக்கும் ஊரில் இந்த வாசிப்பின் கூர்மையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மீட்புக் கோட்பாட்டில் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் எழுதிய விளக்கம் மாணவர்கள் தவறாமல் பயில்வது. கடவுளின் மாண்புக்கு இழைக்கப்பட்ட குற்றத்துக்கு ஈடு செய்ய மனிதரால் இயலாது. கடவுளே மனிதரானவரால்தான் இயலும் என்பது அதன் சாரம். அவமதிக்கப்பட்டவரின் தகுதிக்கேற்பக் குற்றத்தின் கனம் உயரும் என்ற நிலவுடைமைச் சமூகத்தின் நியதி அதன் பின்னணியில் உள்ளது. சட்டம் பயின்றவர்களுக்கு இது வேறொன்றை நினைவூட்டும். மனுவின் தண்டனை முறையும் பாதிக்கப்பட்டவரின் வருணத்துக்கேற்பக் குற்றத்தை அளந்ததுதான். இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால், கோட்பாட்டின் வழியே ஒரு காலத்தின் சமூகப் படிநிலையும் வந்து சேர்கிறது என்பதைப் பிரித்தறியப் பழகாதவர், அதை அறியாமலேயே மேடையில் நின்று போதிப்பார்.

திருவிருந்தும் திருப்பொழிவும்

கோட்பாடும் நடைமுறையும் நேருக்கு நேர் மோதுவது திருச்சபை பற்றிய பாடத்தில்தான். சபை ஒரே உடல், திருமுழுக்கு ஒன்றே, திருவிருந்து அனைவருக்கும் பொது என்பன அதன் அடிப்படைகள். திருவிருந்து குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியே ஒரு சமத்துவச் சர்ச்சையில் பிறந்தது. வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்பது அவருடைய கண்டனம்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கிய லுத்தரன் பணியில், 1733இல் ஆரோன் தமிழர்களில் முதல் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பெரும் உழைப்பாளியாக விளங்கிய உபதேசியார் ராஜநாயக்கன், பறையர் சமூகத்தவர். அவருடைய தகுதியை மிஷனரிகள் மதித்தனர். ஆயினும் அவருக்குத் திருப்பொழிவு அளிக்கவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்து பெற நேர்ந்தால் உயர்சாதிக் கிறித்தவர்களிடம் அந்தச் சாதனத்தின் மதிப்பே குறைந்துவிடும் என்று அஞ்சினர். திருவிருந்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு என்று சொல்லித் திருவிருந்தின் பொருளையே கைவிட்டனர். அருட்பணிப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட அந்தத் திருப்பொழிவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1833இல், ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையைக் கைவிடுமாறு சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்தெழுந்தனர். பலர் சபையை விட்டே விலகினர். ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்வதினும் வெளியேறுவதே அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நின்றவர், 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவரைப் 'பறட்டை' என்றே பலரும் அறிவர். உழைக்கும் மக்களின் நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்துண்ணும் 'ஒரு உலை' வாழ்வைத் திருவிருந்தின் உட்பொருளாக விளக்கினார். சமைப்பவர் யார், உண்பவர் யார், தனித் தட்டு யாருக்கு என்று சாதி வகுத்த நாட்டில், ஒரே உலை என்பது முழுமையான ஒரு சபைக் கோட்பாடு.

கல்லறையில் நிற்கும் சுவர்

உடலின் உயிர்த்தெழுதல் இறுதிக் காரியங்கள் பற்றிய பாடத்தின் மையம். திருச்சி மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறையிலோ, தலித்துகளின் புதைகுழிகளையும் பிறருடையவற்றையும் பிரித்து ஒரு சுவர் நின்று போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர் சம நடத்தையும் தங்களுக்கெனத் தனிப் பங்கும் கோரிப் போராடினர். 2008 மார்ச்சில் அங்கு வன்முறை வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்கிடையே நடந்தது இது.

திருச்சபையும் இதை மறைக்கவில்லை. 2016 திசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022இல்தான் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். இந்திய மண்ணில் கத்தோலிக்கத்தின் வயதோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதத்தின் அளவு புலப்படும்.

சட்டம் கோட்பாட்டை வாசிக்கும் முறை

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கல்வி, வேலை ஆகியவற்றில் அது ஓரளவு பயன் தரும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவை அது திறக்காது.

1968இல் கோலார் தங்கவயல் தொகுதித் தேர்தல் வழக்கில், கிறித்தவ மதம் சாதிப் பிரிவுகளை ஏற்பதில்லை, கிறித்தவர் அனைவரும் சமமாக நடத்தப்படுகின்றனர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தக் கூற்றின் முதற்பாதி கோட்பாடு. இரண்டாம் பாதி உண்மை நிலவரம் பற்றியது. அதற்குச் சான்று வேண்டும். கோட்பாட்டையே சான்றாகக் கொண்டதில்தான் தவறு தொடங்குகிறது. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆகவே இந்தியாவில் தீண்டாமை இல்லை என்று எந்த வழக்கறிஞராவது வாதிட்டால் நீதிமன்றம் ஏற்குமா? ஏற்காது. விதி இருப்பதே மீறல் இருப்பதற்கு அடையாளம். கிறித்தவக் கோட்பாட்டுக்கு மட்டும் இந்த அளவுகோல் மறுக்கப்படுகிறது.

இதே நாட்டின் நீதிமன்றங்கள் கிறித்தவர்களுக்குள் சாதி இருப்பதை அறியாதவை அல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், கோயிலில் தங்களுக்கெனத் தனியிடம் உண்டு என்று கத்தோலிக்கப் பிள்ளைமாரும் முதலியாரும் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் கோரியது கிட்டவில்லை. ஆனால், தலைமுறைகளாகக் கிறித்தவராயிருந்தும் சாதியினராகவே அவர்கள் நீதிமன்றப் பதிவேட்டில் நிற்கின்றனர். இந்த முன்னுதாரணத்தையும் சுட்டி, மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது எல்லா நிலையிலும் பொருந்தும் விதியன்று என்று 1975இல் உச்ச நீதிமன்றமே கூறியது. கோலார் தங்கவயலின் அதே இரு போட்டியாளர்களுக்கிடையிலான மற்றொரு வழக்கு அது.

1985இன் சூசை வழக்கு நமக்கு மிக முக்கியம். சென்னையின் தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு வழங்கிய கடைப்பெட்டி, சூசை கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. அதே தொழில், அதே தெரு, அதே சாதி. மதம் மட்டும் வேறு. மாறிய பின்னரும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, கிறித்தவ சமூகத்துக்குள்ளும் ஒப்பிடத்தக்க அளவு கடுமையான சமூக, பொருளாதார இடர்ப்பாடுகள் நிலவுகின்றன என்று மெய்ப்பிக்க வேண்டும், அதற்கான சான்று முன்வைக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் மனுவை நிராகரித்தது.

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில், கைக்குழந்தையாக அவர் பெற்ற திருமுழுக்கு அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாயிற்று. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின்மீது இழைக்கப்படும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயரின் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரி, அந்தக் குழந்தை வளர்ந்த பின் நீதிமன்ற ஆவணமாகிறது. திருமுழுக்குப் பற்றிய பாடத்தில் இதுவும் சொல்லப்பட வேண்டாமா?

மாணவர்கள் செய்யக்கூடியவை

திருச்சபைக்குள் சாதி இருப்பதை நாமே உரக்கச் சொன்னால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்கின்றனர். மௌனம் இதுவரை யாருக்குப் பயன்பட்டது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சபைத் தலைமையின் மதிப்பை அது காத்தது. சூசைக்குக் கடைப்பெட்டி வாங்கித் தரவில்லை. கோட்பாடு மெய்யானது என்று நம்புவோருக்கு, அது மீறப்படுவதைப் பதிவு செய்வதும் நம்பிக்கையின் பகுதியே.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2004இல் தொடுக்கப்பட்ட மனு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்க, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது. இவை அனைத்திலும் மையமான தேவை ஒன்றே: கிறித்தவத்துக்குள் தீண்டாமை நிலவுவதற்கான சான்று.

அந்தச் சான்றைத் திரட்ட அருட்பணி மாணவரினும் தகுந்தவர் இலர். களப்பயிற்சிக்காகச் சிற்றூர்ச் சபைகளுக்கு அனுப்பப்படும்போது கல்லறை எவ்வாறு பிரிந்திருக்கிறது, தேர் எந்தத் தெருவில் நின்று திரும்புகிறது, பாடகர் குழுவிலும் பங்குப் பேரவையிலும் யார் உள்ளனர், திருமணப் பதிவேட்டில் சாதி எவ்வாறு பிரிகிறது என்பவற்றைத் தேதியோடும் படத்தோடும் குறித்துவைக்கலாம். சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்டது இத்தகைய விவரங்களைத்தான்.

சட்டத்தின் ஒரு வழி இப்போதும் திறந்தே உள்ளது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. தீண்டாமையை முன்னிட்டு, அதே மதத்தினர் பிறருக்குத் திறந்துள்ள வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தடுப்பது குற்றம். பொதுப் பாதையையும் இடுகாட்டையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அவ்வாறே. பட்டியல் சாதியினருக்கு அதன் 12ஆம் பிரிவு தரும் அனுமானம் தலித் கிறித்தவருக்குக் கிடைக்காது என்பதால் மெய்ப்பிக்கும் சுமை கூடும். அதனாலும் பதிவுகள் இன்றியமையாதவை.

தேர்வுத்தாளில் திருச்சபை ஒரே உடல் என்று எழுதும் மாணவர், தாம் பொறுப்பேற்கும் முதல் சபையில் அந்த உடலை யார் தொட மறுக்கின்றனர் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முதலாவது எழுத்து அவருக்குப் பட்டம் பெற்றுத் தரும். இரண்டாவது எழுத்துக்காக ஆணையங்களும் நீதிமன்றங்களும் காத்திருக்கின்றன. கல்லறைச் சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் காத்திருக்கின்றனர்.